ஐந்து வேலிக் கோயிலும் ஆரூர் வீதிகளும்

காவிரிப் படுகையின் கோயில்களைப் பார்க்க வருகிறவர்களில் பலர் திருவாரூரை வழியில் வரும் ஓர் ஊராகவே வைத்துக்கொள்கிறார்கள். திருநள்ளாற்றில் சனீஸ்வரரையும் ஆலங்குடியில் குருபகவானையும் வணங்கும் பயணத்தில் இடையே வண்டியை நிறுத்தி, தியாகராஜரின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கமலாம்பாள் சந்நிதியில் குங்குமம் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் மீண்டும் வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களுடைய பக்தியில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆரூரை அப்படிப் பார்த்துவிட முடியாது என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. இங்கே கோயில் மதிலோடு முடிவதில்லை. குளமும் வீதிகளும் அவற்றில் நடமாடும் மனிதர்களும் கோயிலின் பகுதிகளாகவே பழைய காலம் தொட்டு எண்ணப்பட்டு வந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த ஒன்றைத்தான்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்பது ஆரூரைப் பற்றிய பழைய கணக்கு. அப்பர் பாட்டிலேயே இந்த அளவு வந்துவிடுகிறது. ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6.67 ஏக்கர் என்றால் ஐந்து வேலி 33 ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு கோயிலுக்குக் குளம் வெட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கோயிலுக்குச் சமமான பரப்பில் குளத்தையும் வைத்துச் சமமாகவே எண்ணிப் பேசிய ஊர் இது. அதனால் ஆரூருக்கு வருகிறவர்கள் முதலில் மேற்குப் பக்கம் போய்க் கமலாலயக் கரையில் நிற்க வேண்டும் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் மேலைக் கோபுரம் தண்ணீருக்கு அப்பால் தெரியும். குளத்தின் நடுவில் ஒரு சிறு தீவும் அதில் நடுவான் கோயில் என்று வழங்கும் சிவாலயமும் உண்டு. படகில் போய்த் தரிசித்துவிட்டு வரலாம்.

இந்தக் குளத்தோடு பெரிய புராணத்தின் இரண்டு வரலாறுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று தண்டியடிகளுடையது. பிறவியிலேயே கண்பார்வை இல்லாத அவர், குளத்தின் பரப்பு குறுகிப் போனதை அறிந்து வருந்தி, தாமே அதைத் தோண்டத் தொடங்கினார். குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே போய் மண்ணைக் கொட்டிவிட்டு வந்தார் என்று சேக்கிழார் எழுதுகிறார். ஓர் ஊரின் குளம் சுருங்குவதைத் தம் சொந்தக் கவலையாக எடுத்துக்கொண்ட ஒருவரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம் என்பதை நீர்நிலைகளைத் தூர்த்துவிட்டு வெள்ளத்தில் தவிக்கும் இந்தக் காலத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 மழைக்காலத்தில் கமலாலயத்தின் கரைச்சுவரில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கல்லும் சுண்ணமும் மட்டும் அதற்குப் போதாது. வரத்து வாய்க்காலையும் கரையையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளும் கண் ஒன்று வேண்டும்.

மற்றொன்று சுந்தரருடையது. தம் மனைவி பரவையார் பங்குனித் திருவிழாவில் வாரி வழங்குவதற்காகத் திருமுதுகுன்றத்தில் (இன்றைய விருத்தாசலத்தில்) பாடிப் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை, இறைவன் சொன்னபடி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் குளத்தில் இறங்கித் தேடினார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தக் கதையின் குளம் இதுதான். அவர் வெறும் நம்பிக்கையில் பொன்னை ஆற்றில் போட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். போடுவதற்கு முன் உரைத்துப் பார்ப்பதற்காக அதில் ஒரு மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து எடுத்த பொன் அந்த மச்சத்தின் மாற்றுக்குக் குறைவாக இருந்தபோது இறைவனிடம் வழக்காடிப் பாடி, சரியான மாற்றோடு வாங்கினார். பொன்னை உரைத்துச் சொன்னவர் என்று மாற்றுரைத்த விநாயகர் கமலாலயக் கரையில் இருக்கிறார். தோழனாக வந்த இறைவனிடம்கூடக் கணக்கைச் சரிபார்த்து வாங்கிய அந்த உறவின் இயல்பு, அந்தச் சிறிய சந்நிதியின் முன் நிற்கும்போது நன்றாக விளங்கும்.

குளத்தைச் சுற்றிக்கொண்டு கீழ வீதிக்கு வந்தால் தேர் நிலை. "திருவாரூர்த் தேரழகு, திருவிடைமருதூர்த் தெருவழகு" என்ற சொல் தஞ்சைப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆழித்தேர் என்ற பெயரே அப்பர் தேவாரத்தில் இருப்பதால், ஏழாம் நூற்றாண்டிலேயே ஆரூர் தேருக்குப் பெயர்பெற்ற ஊராக இருந்தது என்று கொள்ளலாம். இன்று அலங்காரத்தோடு நிற்கும்போது தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். இவ்வளவு உயரமும் மரம் அன்று. அடியில் சிற்பங்கள் செறிந்த மரப்பகுதி முப்பது அடி அளவில் இருக்கும். அதற்கு மேல் மூங்கிலும் பனஞ்சப்பையும் கயிறும் கொண்டு சாரம் எழுப்பி, தேர்ச்சீலைகளைக் கட்டித்தான் அந்த உயரத்தைக் கொண்டுவருகிறார்கள். திருவிழா இல்லாத நாட்களில் போகிறவர்களுக்கு அந்த உயரம் கிடைக்காது. ஆனால் அருகில் நின்று மரச் சிற்பங்களை வரிசை வரிசையாகப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கும். ஆண்டாண்டாக எண்ணெய் ஊறிக் கறுத்த அந்த மரத்தில், யாளியின் வாய்க்குள் உளி போன தடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

பழைய தேர் 1920-களில் தீக்கு இரையானது. புதிய தேர் 1930-இல் ஓடியது. 1948-க்குப் பிறகு பல ஆண்டுகள் அது நிலையை விட்டு நகரவில்லை. 1970-இல் மீண்டும் ஓடியபோது, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் இருந்தன. கொதிகலன் செய்கிற தொழிற்சாலை சோழ நாட்டுத் தேருக்குச் சக்கரம் செய்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் தேர் என்பது எந்தக் காலத்திலும் அந்தந்தக் காலத்தின் சிறந்த தச்சும் கொல்லும் கூடிச் செய்த பொருள்தான். தேர்நிலை அருகே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், முன்பு முட்டுக்கட்டை போடும் வேலையில் இருந்தவர், எனக்கு அந்த வேலையை விளக்கினார். "இழுக்கிறது பெரிசில்ல தம்பி, நிறுத்துறதுதான் பெரிசு" என்றார். ஓடும் சக்கரத்தின் அடியில் சரியான நேரத்தில் கட்டையைக் கொடுத்து, தேரை விரும்பிய பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோவது அவர்களுடைய திறமை. வீதி முனைகளில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு, அவற்றில் மசகு தடவி வழுக்க வைத்துத் திருப்புகிறார்கள். முன்னால் வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பின்னாலிருந்து புல்டோசர்கள் உந்துகின்றன. "அந்தக் காலத்துல நிலைக்கு வர மாசக் கணக்காகும், அதுவரைக்கும் சாமி தெருவுலதான்" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வீதி என்பது ஆரூரில் வெறும் போக்குவரத்துப் பாதை அன்று. நான்கு தேர் வீதிகளின் அகலமும் முனைகளின் திருப்பமும் இந்த ஒரு தேருக்காக அளக்கப்பட்டவை. தேருக்கு இடமில்லை என்றால் ஊருக்கே இடமில்லை என்று பொருள். ஆகவே இந்த வீதிகளில் படிகளையும் தகரக் கொட்டகைகளையும் முன்னுக்கு நீட்டும் இன்றைய வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தேரோட்டத்துக்கு முன் சில நாட்கள் அவற்றை அகற்றுவதும் பிறகு அவை பழையபடி முளைப்பதும் பழகிப் போன காட்சியாகிவிட்டது.

இதே வீதிகளைப் பற்றித்தான் நமிநந்தியடிகள் வரலாறு பேசுகிறது என்று நான் நினைக்கிறேன். ஏமப்பேறூரிலிருந்து நாள்தோறும் ஆரூருக்கு வந்து வழிபட்டவர் அவர். திருக்கோயிலுக்குள்ளேயே தனிச் சந்நிதியாக இருக்கும் அரநெறியில் விளக்கேற்ற எண்ணெய் கேட்டபோது, "கையில் நெருப்பை ஏந்திய உங்கள் கடவுளுக்கு விளக்கு எதற்கு?" என்று சமணர் சிலர் மறுத்துவிட, குளத்து நீரை முகந்து வார்த்து விளக்கெரித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது அதன் பின்பகுதி. ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய நாளில் அடிகளும் கூட்டத்தோடு போய் வணங்கிவிட்டு ஊருக்குத் திரும்பினார். எல்லாச் சாதியினரோடும் கலந்து நடந்ததால் தீட்டு உண்டாகிவிட்டது என்று கருதி, குளித்த பிறகே வீட்டுக்குள் பூசைக்கு வருவேன் என்று வாசலிலேயே இருந்து கண்ணயர்ந்தார். கனவில் இறைவன் வந்து, ஆரூரில் பிறந்தார் எல்லோரும் நம்முடைய கணங்கள், அதை நீயே காண்பாய் என்று சொல்லி மறைந்தான். மறுநாள் ஆரூருக்குள் கால் வைத்த அடிகளுக்கு அவ்வூரார் எல்லோரும் சிவ வடிவமாகவே தெரிந்தார்கள். வீதியில் இடித்துக்கொண்டு நடக்கும் கூட்டம் தூய்மையைக் கெடுப்பது என்று எண்ணிய ஓர் அடியாருக்கு, அந்தக் கூட்டத்தைத்தான் கும்பிட வேண்டும் என்று கற்பித்த ஊர் இது. சுந்தரர், அடியார்களைப் போற்றிய திருத்தொண்டத் தொகையில் "திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்று பாடியதும் இதே கருத்தில்தான். அந்த வரிக்கு உரியவர்கள் தவம் செய்தவர்கள் அல்லர், தொண்டு செய்தவர்களும் அல்லர். இந்த ஊரில் பிறந்தது ஒன்றே அவர்களுக்குப் போதும்.

அந்தத் தொகை பிறந்த இடத்தையும் காணலாம். கிழக்குக் கோபுரத்தின் வழியாக நுழைந்தால் வலப்புறம் இருப்பது தேவாசிரிய மண்டபம். ஆயிரங்கால் மண்டபம் என்று பெயர் வழங்கினாலும் தூண்கள் 807 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் நேரே உள்ளே போனபோது, விறன்மிண்டர் என்ற நாயனார் சினந்து, வன்தொண்டனும் (சுந்தரரும்) இந்தக் கூட்டத்துக்குப் புறம்பு, அவனை ஆண்டுகொண்ட சிவனும் புறம்பு என்றார். அடியாரை விட்டுவிட்டால் ஆண்டவனுக்கும் இங்கே இடமில்லை என்று சொல்லும் துணிவு வேறெங்கே கேட்கக் கிடைக்கும்? அதற்குப் பிறகு பாடப்பட்ட பதினொரு பாட்டுகளிலிருந்துதான் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும், அதிலிருந்து சேக்கிழாரின் பெரிய புராணமும் விரிந்தன.

மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியமாக இருக்கிறது. மராத்திய மன்னர் ஷாஜி தஞ்சையை ஆண்ட காலத்தை ஒட்டி வரையப்பட்டவை அவை. வரைந்தவர் சிங்காதனம் என்பவர். தம்முடைய உருவத்தையும் பெயரையும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டின் பழைய ஓவியர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்த உருவத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். கதை இதுதான்: குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி போரில் இந்திரனுக்குத் துணைநின்றதற்குப் பரிசாக, திருமால் தம் மார்பில் வைத்து வழிபட்ட தியாகராஜ மூர்த்தியைக் கேட்டார். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போன்ற ஆறு மூர்த்திகளைச் செய்வித்து ஏழையும் ஒன்றாக வைத்து, உண்மையானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். முசுகுந்தர் சரியாக எடுத்ததால் ஏழும் அவருக்கே கிடைத்தன. அவை ஆரூரிலும் திருநள்ளாறு, நாகைக் காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஊர்களிலும் இருப்பதால் இவற்றைச் சப்த விடங்கத் தலங்கள் என்கிறார்கள்.

ஓவியங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது தேவலோகம் அன்று, ஆரூர்த் திருவிழாதான். சிவந்த பின்னணியில் நீண்ட பட்டைகளாகக் காட்சிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. குடைபிடிப்பவர்கள், வாத்தியக்காரர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை என்று ஒரு பவனி முழுவதும் அங்கே போகிறது. கொம்பு ஊதுகிறவரின் கன்னம் உப்பியிருப்பதைக்கூட ஓவியர் விட்டுவிடவில்லை. மேலே விதானத்தில் சாமி புறப்பாடும் வெளியே அதே புறப்பாட்டுக்கான வீதியும் இருக்கும் இந்த ஏற்பாடு வேறு ஊரில் இவ்வளவு நெருக்கமாக அமைந்து நான் பார்த்ததில்லை. மழைநீர் இறங்கியும் சுண்ணம் பெயர்ந்தும் பல பகுதிகள் போய்விட்டன. எஞ்சியவற்றை அண்மைக் காலத்தில் வல்லுநர்கள் சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். மண்டபம் எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதால் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உள்ளே மூலவர் புற்றிடங்கொண்டார். வன்மீகநாதர் என்றும் சொல்வார்கள். பக்கத்தில் தியாகராஜர். சோமாஸ்கந்த வடிவமான அவருடைய முகத்தையும் அம்மையின் முகத்தையும் மட்டுமே காண முடியும். மற்றவை ஆடையாலும் மலராலும் மூடப்பட்டிருக்கும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டும் பாத தரிசனம். சிதம்பரத்துக்கு அர்த்தஜாமம் என்றால் திருவாரூருக்குச் சாயரட்சை. நித்திய பிரதோஷம் என்று வழங்கும் அந்த மாலைப் பூசைக்குத் தேவர்கள் எல்லோரும் வருவதாக நம்பிக்கை. ஆகவே பகலில் வந்து திரும்புகிற பயணத் திட்டத்தை மாற்றி, மாலையில் கோயிலுக்குள் இருக்கும்படி வருவதே முறை.

இந்தக் கோயிலுக்குச் சிறப்பான வாத்தியங்கள் சில உண்டு. பஞ்சமுக வாத்தியம் என்பது உலோகத்தால் ஆன பெரிய குடம். அதற்குத் தோல் போர்த்திய ஐந்து வாய்கள், நடுவில் இருப்பது பெரியது. ஒவ்வொரு முகத்திலும் ஒரு நாதம் எழுகிறது. வாசிப்பவரின் கைகள் ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்கு மாறும்போது, ஓசை அடியிலிருந்து மேலே ஏறி மறுபடியும் அடிக்கே வந்து சேர்கிறது. பாரி நாயனமும் சுத்த மத்தளமும் அதனோடு சேரும். இந்த முறைகளைத் தலைமுறையாக அறிந்த குடும்பங்கள் மிகச் சிலவே. இந்தக் கலை அவர்களோடு நின்றுவிடாதபடி, அடுத்த தலைமுறைக்குச் சம்பளத்தோடு கற்பிக்கும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும்.

இசை என்றதும் கர்நாடக இசையின் மூவரும் நினைவுக்கு வருவார்கள். சியாமா சாஸ்திரிகள் 1762-லும் தியாகராஜ சுவாமிகள் 1767-லும் முத்துசுவாமி தீட்சிதர் அடுத்த பத்தாண்டிலும் இந்த ஊரிலேயே பிறந்தார்கள். அவர்களில் ஆரூரை முழுமையாகப் பாடியவர் தீட்சிதர். யோக நிலையில் காலை மடித்து அமர்ந்திருக்கும் கமலாம்பாளைப் பற்றிய நவாவரணக் கீர்த்தனைகளோடு நில்லாமல், அரநெறி அசலேசுவரர் போன்ற சந்நிதிகளையும் தனித்தனியே பாடியிருக்கிறார். கோயிலின் சுத்த மத்தளக் கலைஞரான தம்பியப்பன் அவருக்கு மாணவர். அவருடைய வயிற்றுவலி நீங்குவதற்காகவே குருபகவான் மீது கீர்த்தனை இயற்றினார் என்று சொல்வார்கள். கோயில் வாத்தியக்காரர் ஒருவரின் உடல்நோயிலிருந்து நவக்கிரகக் கீர்த்தனைகள் தொடங்கின என்ற இந்தச் செய்தியும் ஆரூரின் போக்குக்கு ஒத்ததே.

கல்வெட்டுகளிலும் மனிதர்கள் நெருக்கமாகவே தெரிகிறார்கள். அரநெறியைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, ஆக்கியவர் கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார். தியாகராஜர் கோயிலைக் கற்றளியாக்கிப் பொன் வேய்ந்தவர் முதலாம் இராசேந்திரனின் அணுக்கியார், அதாவது அன்புக்குரிய துணைவி, பரவை நங்கையார். மன்னனும் அவளும் சேர்ந்து நின்று வணங்கிய இடத்தில் ஒரு விளக்கு வைக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. கங்கையும் கடாரமும் கொண்ட பேரரசனைப் பற்றி மெய்க்கீர்த்திகள் எவ்வளவோ சொல்கின்றன. ஆனால் ஒருத்தியோடு அவன் நின்ற இடம் இது என்று ஒரு விளக்கு காட்டிக்கொடுத்தது ஆரூரில்தான். மனுநீதிச் சோழன் கதையையும் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கன்றும் தேரும் செதுக்கிய கல்தேர் கோயிலின் வடகிழக்கில் வெளியே இருக்கிறது. நீதி கேட்டு ஒரு பசு மணியடித்ததும் வீதியில்தான், அரசன் மகன் தேர் ஓட்டியதும் வீதியில்தான்.

போகிறவர்களுக்கு இன்னும் ஓர் இடம் சொல்ல வேண்டும். ஆரூரில் பாடல் பெற்ற கோயில்கள் மூன்று. பூங்கோயில் எனப்படும் பெரிய கோயிலும் அரநெறியும் ஒரே மதிலுக்குள் இருப்பதால் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். மூன்றாவதான பரவையுண்மண்டளி கீழ வீதியில், தேர் நிலைக்கு அண்மையில், தூவாய்நாதர் கோயில் என்ற பெயரில் இருக்கிறது. பார்வை இழந்து, பிறகு ஒரு கண் மட்டும் பெற்று ஆரூருக்குத் திரும்பிய சுந்தரர், பெரிய கோயிலுக்குள் போவதற்கு முன் மற்றொரு கண்ணை வேண்டிப் பாடியது இங்கேதான். காலையில் கீழ வீதியில் கடைகள் திறப்பதற்கு முன்பே அங்கே போய்விட்டு, பிறகு தேர் வீதிகள் நான்கையும் நடந்தே சுற்றி, வெயில் ஏறுவதற்குள் மேலைக் கோபுரம் வழியாக உள்ளே நுழையலாம். நடை சாத்திய பிறகு ஊரிலேயே தங்கி ஓய்வெடுத்துக்கொண்டு, சாயரட்சைக்கு மறுபடியும் வந்துவிடுங்கள்.